உடுத்த ஆடையும் ஏந்திய செங்கோலும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம்மவர் பழமொழி. தங்காக் கடைவீதியில் ஒருமுறை நடந்து வந்தவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். ஜொகூர் மாநிலத்தின் வடமேற்கே, 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கும் குனோங் லேடாங் மலையின் அடிவாரத்தில் உள்ள இச்சிறு நகர் துணிக்குப் பெயர் போனது. நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முன்பு அண்டை ஊர்களிலிருந்து மக்கள் துணியெடுக்க இங்கு வருவர். கடைக்குள் கால் வைத்ததும் காதில் விழும் முதற் கேள்விகளுள் ஒன்று, "ஆணுக்கா, பெண்ணுக்கா?" என்பது.

சுருட்டி வைத்த துணிக்குப் பால் வேறுபாடு ஏது? நூலுக்கும் சாயத்துக்கும் ஆண் என்றும் பெண் என்றும் பிரிவு இல்லை. வெட்டுகின்ற கத்தரிக்கோலும் உடுத்துகின்ற வழக்குமே அவ்வேறுபாட்டைத் தருகின்றன. அவ்வழக்குக்குப் பின்னே நிற்பது எது? பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரை தமிழிலும் மலாயிலும் வழங்கிய கதைகளைப் புரட்டிப் பார்த்தால் ஒரு விடை கிடைக்கிறது. அக்கதைகளில் ஆணுடை என்பது பெரும்பாலும் அதிகாரத்தின் உடை. அதனை அணிந்த பெண் ஆள்கிறாள், போர் புரிகிறாள், நீதி வழங்குகிறாள். திருமணம் என்னும் வாயிலில் அவ்வுடை அவளிடமிருந்து திரும்பப் பெறப்படுகிறது. இதனைச் சில கதைகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

அழகு ஆணுக்கும் உரியது

ஒப்பனை பெண்டிர்க்கே உரியது என்ற எண்ணத்தை முதலில் களைந்துவிட வேண்டும். ஜொகூர் அரசின் பெண்டகாராவாக விளங்கிய துன் ஸ்ரீ லானாங் 1612ஆம் ஆண்டில் தொகுத்த 'செஜாரா மெலாயு' நூலில், மலாக்காவின் பெண்டகாரா துன் முத்தாகிர் பற்றிய சுவையான செய்தி ஒன்று உண்டு. அவர் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய மணி புரிந்தான் என்பவரின் வழிவந்தவர். நாளொன்றுக்கு ஆறேழு முறை உடை மாற்றுவார். பல நிறங்களில் ஆயிரம் சட்டைகள் அவரிடம் இருந்தன. கட்டி முடித்த தலைப்பாகைகள் அணிவதற்கு ஆயத்தமாக வரிசையில் இருக்கும். ஆளுயரக் கண்ணாடியின் முன் நின்று, எது எதனோடு பொருந்தும் என்று மனைவியிடம் கேட்டு உடுத்துவாராம்.

இதனை நூலாசிரியர் பெண்மைக் குணம் என்று இகழவில்லை. அமைச்சர் பெருமகனின் சீருக்கும் செல்வத்துக்கும் அடையாளமாகவே எழுதுகிறார். அக்காலத்து ஆடை முதலில் பேசியது தகுதியை. மஞ்சள் நிறத்தைப் பொதுமக்கள் பயன்படுத்தலாகாது என்று மலாக்கா அரசர் விதித்ததையும் அதே நூல் குறிக்கின்றது. சுல்தான் மகமூது தாம் விரும்பிய துணிவகைகளை வாங்கிவர ஹாங் நாடீம் என்பவரைக் கடல் கடந்து கலிங்கத்துக்கு அனுப்பிய கதையும் அதில் உண்டு. நாற்பது வகைத் துணி. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பூவேலை. அங்கிருந்த ஓவியர் வரைந்து காட்டிய எதுவும் மனத்துக்கு ஒவ்வாமையால் அவரே வரைந்து காட்டினார் என்பர். ஓர் அரசனின் ஆடைக்காகக் கப்பலே ஓடியது.

ஆடை தகுதியைக் காட்டும் அடையாளமாயின், தகுதியை விரும்பிய பெண் எதனை உடுத்தினாள்? அதற்கு விடை கூறுபவள் மதுரைக்கு அரசி.

தடாதகைப் பிராட்டியார்

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மலயத்துவச பாண்டியனும் காஞ்சனமாலையும் மகப்பேறு வேண்டி வேள்வி செய்கின்றனர். வேள்வித் தீயிலிருந்து மூன்று தனங்களோடு ஒரு பெண் குழந்தை தோன்றுகிறது. மன்னன் வருந்துகிறான். தடாதகை என்று பெயரிட்டு, ஆண்மகவுக்குச் செய்யும் சடங்குகளையே இவளுக்கும் செய்க என்றும், கணவனைக் கண்டபோது ஒரு தனம் மறையும் என்றும் வானொலி கூறுகிறது. மகள் மகனாகவே வளர்க்கப்படுகிறாள். யானையேற்றம், குதிரையேற்றம், படைக்கலப் பயிற்சி அனைத்தும் கற்கிறாள். தந்தைக்குப் பின் முடி சூடுகிறாள். திசையெங்கும் வென்று கயிலை வரை செல்கிறாள். அங்கே இறைவனைக் கண்ட கணத்தில் மூன்றாம் தனம் மறைகிறது. போர்க்கோலத்தில் வந்தவள் நாணித் தலை கவிழ்கிறாள்.

இதுவரை யாவரும் அறிந்தது. இதற்குப் பின் நிகழ்வதை நாம் கூர்ந்து நோக்குவதில்லை. மணமகனும் உடை மாறுகிறான். புலித்தோல் பட்டாகிறது, பாம்புகள் பொன்னணிகளாகின்றன, கொன்றை சூடியவன் பாண்டியர்க்குரிய வேம்பு சூடுகிறான். சுந்தர பாண்டியன் என்னும் பெயரில் அரியணை ஏறுகிறான். அவள் படைக்கலத்தை விடுத்து மணக்கோலம் பூண, அவன் துறவுக் கோலத்தை விடுத்து அரசக் கோலம் பூணுகிறான். இரண்டு உடை மாற்றங்களுக்கு இடையே ஓர் அரசு கை மாறிவிட்டது.

அதே மதுரையில், திருமலை நாயக்கர் (1623–1659) காலத்தில், குமரகுருபர அடிகள் மீனாட்சியம்மை மீது பிள்ளைத்தமிழ் பாடினார். பிள்ளைத்தமிழின் இலக்கணம் தமிழாசிரியர் நன்கறிந்தது. முதல் ஏழு பருவங்கள் இருபாற்கும் பொது. ஆண்பாலாயின் இறுதி மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர். மீனாட்சியம்மைக்கு அம்மானை, நீராடல், ஊசல். ஏழு பருவம் வரை குழந்தை குழந்தைதான். எட்டாவது பருவத்தில் கையில் கொடுக்கப்படும் விளையாட்டுப் பொருளே இன்னார் ஆண், இன்னார் பெண் என்று பிரிக்கிறது. புராணத்தில் மகனாக வளர்ந்தவளுக்கும் சிற்றிலக்கியம் அம்மானையைத்தான் தந்தது.

ஆயினும் மக்கள் மனம் அவளுடைய அரசை மறக்கவில்லை. சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாளில் அம்மைக்கு முடிசூட்டுகின்றனர், செங்கோல் தருகின்றனர். ஒன்பதாம் நாள் திக்குவிசயம். பத்தாம் நாளே திருக்கல்யாணம். ஆண்டில் நான்கு மாதம் அம்மையின் ஆட்சி, ஆவணியில் முடிசூடும் சுவாமிக்கு எட்டு மாதம் என்பது கோயில் வழக்கு. புராணம் முடித்துவிட்ட ஆட்சியைத் திருவிழா ஆண்டுதோறும் மீட்டுத் தருகின்றது.

அல்லியின் கழுத்தில் ஒரு கயிறு

மீனாட்சியின் கதை கோயிலில் வழங்க, அதன் நாட்டுப்புற உருவம் போல் வழங்கியது அல்லியரசாணி மாலை. இது புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கினும், நளவெண்பாப் பாடிய புகழேந்தியார் வாக்கு அன்று என்பதே அறிஞர் துணிபு. பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சேறி ஊரூராகச் சென்ற கதை இது.

பூவில் கண்டெடுக்கப்பட்டுப் பாண்டியனால் வளர்க்கப்பட்ட அல்லி, அரசைக் கவர்ந்த நீன்முகனைக் கொன்று மதுரையை ஆள்கிறாள். அவள் படையினர் பெண்கள், அவையினர் பெண்கள். மேடை நாடகங்களில் வாளேந்தி அரசக் கோலத்தில் அவள் தோன்றுவது மரபு. அவளை அடைய விரும்பிய அருச்சுனனால் வாளால் வெல்ல முடியவில்லை. கண்ணனின் துணையோடு பல வேடம் புனைகிறான், பாம்பாகவும் மாறுகிறான். இறுதியில் அவள் உறங்கும்போது தாலி கட்டிவிடுகிறான்.

இங்கே ஆடை மாற்றமில்லை. ஒரு கயிறு மட்டுமே கூடுகிறது. அந்த ஒன்றே அரசியை மனைவியாக்கிவிடுகிறது. விழித்திருந்த அல்லியை எவரும் வெல்லவில்லை என்பதைக் கதை தன்னை அறியாமலே ஒப்புக்கொள்கிறது. விழித்தபின் அவள் கொண்ட சினத்தையும் நடத்திய போராட்டத்தையும் அக்கதை விரிவாகவே சொல்கிறது. கேட்டிருந்த பெண்கள் அப்பகுதியில் எதனை எண்ணியிருப்பர் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் உலக வழக்கில் நின்றது என்ன? மனைவியின் சொல் எடுபடும் வீட்டை "அல்லி ராச்சியம்" என்று நகையாடும் வழக்கு. ஆண்ட அரசியின் பெயர் ஏளனச் சொல்லாயிற்று. உறக்கத்தில் தாலி கட்டியவன் பெயரில் அத்தகைய ஏளனம் எதுவும் பிறக்கவில்லை.

மலாய்க் கதையின் பஞ்சி செமிராங்

இவ்வகைக் கதை நமக்கு மட்டும் உரியதன்று. சாவகத்தில் பிறந்து மலாயிலும் பரவிய பஞ்சிக் கதைகளுள் 'ஹிக்காயத் பஞ்சி செமிராங்' பெரிதும் புகழ் பெற்றது. பஞ்சிக் கதைச் சுவடிகளை 2017இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது.

டாஹா நாட்டு இளவரசி சந்திர கிரணா. அவளுக்கு மணம் பேசப்பட்டவன் குரிப்பான் நாட்டு இளவரசன் ஈனு கெர்த்தபாத்தி. அவன் இரண்டு பாவைகளை அனுப்புகிறான். வெள்ளிப் பாவை அழகிய துணியில் சுற்றப்பட்டிருக்கிறது; பொற்பாவை எளிய துணியில். மாற்றாந்தாயின் மகள் துணியின் பகட்டைக் கண்டு வெள்ளியை எடுத்துக்கொள்கிறாள். எளிய துணிக்குள் இருந்த பொன் சந்திர கிரணாவுக்குக் கிடைக்கிறது. உண்மை தெரிந்ததும் பூசல் எழுகிறது. பாவையைத் தர மறுத்த மகளின் கூந்தலைத் தந்தையே வெட்டிவிடுகிறான்.

பெண்மையின் அடையாளமான கூந்தலைத் தண்டனையாக இழந்தவள், ஆணுடையைத் தானே விரும்பி அணிந்துகொள்கிறாள். பஞ்சி செமிராங் என்னும் பெயர் பூண்டு, நாட்டின் எல்லையில் புதிய அரசு ஒன்றை நிறுவுகிறாள். அவ்வழியே வந்த ஈனு அவளை அழகிய இளைஞன் என்றே கருதுகிறான். ஆயினும் அவன் மனம் அவளை விட்டு நீங்க மறுக்கிறது. பின்னர் அவள் கூத்தாடும் கலைஞனாக உருமாறித் திரிகிறாள். இரவில் அவள் மடியில் வைத்துக் கொஞ்சும் பொற்பாவையே அவளை அவனுக்குக் காட்டிக்கொடுக்கிறது. மணம் நிகழ்கிறது, பஞ்சி மறைகிறான், சந்திர கிரணா மீள்கிறாள்.

துணி ஏமாற்றும் என்பதைப் பாவைகளின் கதையால் தொடக்கத்திலேயே உணர்த்திவிட்டார் கதைஞர். ஆனால் அந்த ஏமாற்றுக்குள் ஓர் உண்மையும் உண்டு. ஆணுடையில் அவள் நடத்திய அரசு பொய்யரசு அன்று. மக்கள் அதில் வாழ்ந்தனர். ஆளும் திறம் அவளுடையது. உடை அதற்கு அனுமதிச் சீட்டு மட்டுமே.

ஏறத்தாழ இதே காலத்தில் ஆங்கில நாட்டில் செகப்பிரியரும் ஆணுடை அணிந்த ரோசலிந்தையும் வயோலாவையும் மேடையேற்றினார். அங்கே 1660 வரை பொது நாடக மேடையில் பெண் வேடத்தைச் சிறுவரே ஏற்றனர். எனவே, பெண்ணாக நடிக்கும் சிறுவன் ஆணாக வேடமிடும் விந்தையை மக்கள் கண்டனர். அங்கும் நாடகம் முடிவது திருமணத்தில்.

துகிலும் பேடியும்

நிற்க. பெண் ஆணுடை அணிந்தால் உயர்வு. ஆண் பெண்ணுடை அணிந்தால் இழிவு என்பதே பொதுக் கருத்து. பாரதக் கதையோ இதனைச் சற்றுச் சிக்கலாக்குகிறது. வில்லிபுத்தூரார் பாரதத்தாலும் தெருக்கூத்தாலும் தமிழ்ச் சிற்றூர்களில் வேரூன்றிய கதை அது. சூதாட்ட அவையில் பாஞ்சாலியின் துகிலைப் பற்றி இழுக்கிறான் துச்சாதனன். அவையிலிருந்த பெருவீரர்கள் வாளா இருந்தனர். பின்னர் அருச்சுனன் விராட நகரில் பேடிக் கோலம் பூண்டு, பிருகந்நளை என்ற பெயரில் இளவரசி உத்தரைக்கு ஆடல் கற்பிக்கிறான். கௌரவர் ஆநிரை கவர வந்தபோது, அப்பெண்ணுடையோடே தேரேறிப் புறப்படுகிறான். வென்று வரும்போது தன் பாவைகளுக்கு உடுத்த வண்ணத் துணிகள் கொண்டுவர வேண்டும் என்று உத்தரை கேட்கிறாள். அவ்வாறே மயங்கி விழுந்த கௌரவ வீரர்களின் மேலாடைகள் களையப்பட்டுச் சிறுமியின் பாவைகளுக்கு வந்து சேர்கின்றன.

ஒரு பெண்ணின் துகில் பறிக்கப்பட்டபோது பார்த்திருந்தவர்களின் ஆடை, பெண்ணுடை அணிந்தவனுக்குத் தோற்றுப் போகிறது. இவ்விரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்துப் படித்தால், வீரம் உடையில் இல்லை என்பதைப் பாரதம் எவ்வளவு நுட்பமாகச் சொல்கிறது என்பது விளங்கும்.

அருச்சுனனின் மகன் அரவானின் கதையோ இன்றும் உடுத்தப்படுகிறது. களப்பலிக்கு முன் அவன் மணம் விரும்ப, கண்ணனே மோகினியாகி அவனை மணந்தான் என்பது மரபு. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் ஆண்டுதோறும் சித்திரையில் திருநங்கையர் பட்டுடுத்தி அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கின்றனர். மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்துகின்றனர். மணமகள் கோலம், கைம்பெண் கோலம் இரண்டும் ஒரு நாள் இடைவெளியில் அமைகின்றன. ஒரு பெண்ணின் வாழ்வு முழுவதையும் சமூகம் சேலையின் நிறத்தால் அளந்ததை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

சட்டமாகிய சேலை

இவையெல்லாம் கதையும் சடங்கும் என்று கருதுவோர் தென் திருவிதாங்கூர் வரலாற்றை நோக்குக. இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில் சாணார் எனப்பட்ட நாடார் பெண்டிர் உள்ளிட்ட பல சாதிப் பெண்டிர் மார்பை மறைத்து மேலாடை அணிதல் தடுக்கப்பட்டிருந்தது. மேற்சாதியார் முன் மார்பு மறையாது நிற்பதே பணிவு எனப்பட்டது. கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது, கிறித்தவம் தழுவிய பெண்டிர் குப்பாயம் என்னும் சட்டை அணியலாம் என ஆணை பிறந்தது. மேற்சாதிப் பெண்டிர் போல் தோள்சீலை அணியும் உரிமை அதில் இல்லை. 1829இல் வெளிவந்த அரசு அறிவிப்பு அத்தடையை உறுதி செய்தது. தோள்சீலை அணிந்த பெண்டிர் தாக்கப்பட்டனர். அவர்களுடைய ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1858–59இல் கலவரம் மூண்டது. 1859 சூலை 26ஆம் நாள் மன்னர் உத்திரம் திருநாள் வெளியிட்ட அறிவிப்பே மார்பை மறைக்கும் உரிமையை நாடார் பெண்டிர் அனைவர்க்கும் தந்தது. அதிலும் மேற்சாதிப் பெண்டிரைப் போல உடுத்தலாகாது என்ற விதி எஞ்சி நின்றது.

மலாக்காவின் மஞ்சளுக்கும் திருவிதாங்கூரின் தோள்சீலைக்கும் அடிப்படை ஒன்றே: இன்னார் இன்னது உடுத்தலாம் என்று வரையறுப்பவன் கையில் அதிகாரம் இருக்கிறது. வேறுபாடு யாதெனில், மஞ்சளை இழந்தவன் ஒரு நிறத்தை இழந்தான். தோள்சீலையை இழந்தவள் மானத்தை இழந்தாள். பாஞ்சாலிக்குத் துகில் வளர்ந்தது. இப்பெண்டிரோ தம் துகிலைத் தாமே போராடிப் பெற்றனர்.

தோட்டத்துச் சேலையும் காற்சட்டையும்

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1943ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நேதாசி சுபாசு சந்திரபோசு இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கென ஜான்சி ராணிப் படையை அமைத்தார். அதன் தலைவி டாக்டர் லட்சுமி. படையில் சேர்ந்தவருள் பெருந்தொகையினர் மலாயாவின் ரப்பர்த் தோட்டத் தமிழ்ப் பெண்கள். சேலையன்றி வேறு அறியாதவர் பலர் காற்சட்டை அணிந்தனர், துப்பாக்கி ஏந்தினர், கூந்தலைக் குறைத்துக்கொண்டவரும் உண்டு. அல்லியும் பஞ்சி செமிராங்கும் ஏட்டை விட்டு இறங்கி வரிசையில் நின்றது போன்ற காட்சி அது.

1945இல் படை கலைந்தது. பெரும்பாலோர் சேலைக்கும் தோட்டத்துக்கும் திரும்பினர். ஆனால் படையில் இரண்டாம் நிலைத் தலைமை வகித்த ஜானகி தேவர் போன்றோர், போருக்குப் பின் சேலை உடுத்தியே மலாயாவின் பொதுவாழ்வில் நின்றனர். பழைய கதைகள் தாராத முடிவு இது. உடையைத் திருப்பித் தந்த பின்னும் துணிவைத் திருப்பித் தராத முடிவு.

ஆசிரியர்க்கு ஒரு சொல். திருவிளையாடலையும் பாரதத்தையும் மாணவர்க்குக் கற்பிக்கும்போது அணியும் நயமும் காட்டுவது போல, உடையையும் காட்டுவோமாக. யார் எப்போது எதனை உடுத்தினார், யார் சொல்லி அதனைக் களைந்தார், களைந்தபோது கையிலிருந்த செங்கோல் எங்கே போயிற்று என்று கேட்கச் செய்வோமாக. "அல்லி ராச்சியம்" என்று வகுப்பில் ஒருவன் சிரித்தால், அந்த ராச்சியம் நன்றாக நடந்ததா இல்லையா என்பதைக் கதையிலேயே தேடிப் பார்க்கச் சொல்வோம்.

"ஆணுக்கா, பெண்ணுக்கா?" என்று கடைக்காரர் கேட்பது அளவறிந்து துணி கிழிப்பதற்காக. அவர் கேள்வியில் பிழையில்லை. அரசுக்கும் அறிவுக்கும் வீரத்துக்கும் அதே கேள்வியைக் கேட்டு வந்ததே நம் பழம்பிழை.